மித்கால் அண்ணன் நின்று போன படிகள்

என் அண்ணன் மித்கால் ஸல்த் ஊரின் கடைத்தெருவிலிருந்து மலைமேல் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் படியேறி வந்தால், வழியில் ஒருவரையும் விடமாட்டார். ரொட்டிக்கடை நவ்ஃபானிடம் மழையைப் பற்றி, தையற்காரி ஃபரியாலிடம் அவள் மாமியாரைப் பற்றி, நின்று நின்று பேசுவார். "இந்த மனுஷன் ஊரை விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போகுது" என்று அண்ணி பொருமுவாள். எனக்கோ உள்ளூரப் பெருமை. என் அண்ணனைப் போல் மனுஷர்மேல் பிரியம் உள்ளவர் யார்?

எங்கள் ஊரில் வாசலில் நின்றவரைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். பாகு மாதிரி ஒரு கிளாஸ் தேநீர், கூடவே ஒரு சிகரெட். வேண்டாம் என்றால் மனஸ்தாபம். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி வந்து வெகுகாலம். அதை யார் நினைத்தார்கள்?

கல்யாண வீடுகளில் கைகோத்து ஆடும் தப்கே ஆட்டத்தின் வரிசைக்குத் தலைவர் அவர்தான். ஜபமாலையைச் சுழற்றியபடி அவர் காலைத் தரையில் அறைந்தால் எங்கள் நெஞ்சு அதிரும். ஒரு வருஷம், அடுத்த வசந்தத்துக்கென்று அவர் மகள் ருவைதாவின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதில் ஆடுவதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இல்லை.

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஒருநாள் திராட்சைக் கூடையோடு அவருக்குப் பின்னால் ஏறினேன். கடையோ வீடோ இல்லாத மொட்டைச் சுவர் அருகில் நின்றுவிட்டார்.

"யாருகிட்டண்ணே பேசப்போறே, சுவத்துகிட்டயா?"

"இல்ல ஃபித்தா. கெண்டைக்கால் கவ்விப் பிடிக்குது. கொஞ்சம் நின்னா விட்டுடும்."

"எத்தனை நாளா?"

"போன வருஷம் ஒலிவக்காய் பறிச்சப்பலேருந்து."

"அப்போ நவ்ஃபான்கிட்ட மழையைப் பத்திக் கேட்டது?"

"மழை பேஞ்சா எனக்கென்ன, பேயாட்டி எனக்கென்ன!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மறுநாளே டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். காலுறையைக் கழற்றினால், பெருவிரலில் கறுத்த புண். சர்க்கரையில் மரத்துப்போன விரல், அவருக்கு வலித்ததே இல்லையாம். டாக்டரம்மா பாதத்தின் மேல் நாடியைத் தேடித் தேடிப் பார்த்தார்.

"கால் ரத்தக்குழாயை அடைக்க நாள்பட்ட சர்க்கரை ஒண்ணே போதும். நீங்க புகையையும் சேத்துக்கிட்டீங்க. ரத்தக்கொதிப்பு, கொழுப்பு வேற. வலிச்சுதுன்னு நின்னீங்க, நின்ன எடத்துல பத்த வச்சீங்க, இல்லையா?"

அண்ணன் தலைகுனிந்தார். "கால் போயிடுமாம்மா? என் மக கல்யாணத்துல ஆடணும்."

"சிகரெட்டை நிறுத்தலேன்னா போயிடும்."

அன்று மாலையே படிகளில் இறங்கி, அவர் ஏன் நின்று நின்று பேசினார் என்று கடை கடையாகச் சொல்லி எச்சரித்தேன்: "இனி எவனாவது என் அண்ணனுக்கு சிகரெட் நீட்டினா கையை ஒடிச்சிடுவேன்!"

"வெறும் வாயோட எப்படிம்மா அனுப்புறது?" என்றான் நவ்ஃபான்.

"தண்ணி குடு."

ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள். பெருவிரல் போனது, கால் தங்கியது. புண் ஆறியதும், வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொன்னார் டாக்டரம்மா. பழைய படிகளிலேயே நடந்தார். "ஒவ்வொரு வாசல்லயும் தண்ணி. வயித்துல குளம் வெட்டியாச்சு, போதுமா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார். அந்தத் திட்டுக்காக இப்போது ஏங்குகிறேன்.

கல்யாணத்தில் வரிசையின் தலைக்கு வந்தார். பாதி ஆட்டத்தில் கால் கவ்வியது போலும், சட்டென்று நின்றார். கைகோத்திருந்த வரிசை முழுவதும் நின்றது. குழல்காரர் கன்னத்தை உப்பவைத்து ஒரே சுரத்தை விடாமல் ஊதினார்.

அண்ணன் நிதானமாகத் திரும்பி, "என்ன நவ்ஃபான், மழை எப்படி?" என்றார்.

கல்யாணக் கூடாரமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் கால் மறுபடி தரையை அறைந்தது.

அவர் போய் வெகுகாலமாகிறது. எங்கள் குடும்பக் கல்யாணங்களில் இன்றும் பாதி ஆட்டத்தில் வரிசை ஒருமுறை நிற்கிறது. அதுவும் ஆட்டத்தில் ஒரு அடி என்றே பேரப்பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும், அவர் கால் விழும் சத்தத்துக்காக நான் காத்திருக்கிறேன்.