இடது பக்கத்துப் பிரேக்

நாற்பத்து மூன்று வயது. அதில் பதினோரு வருடம் ஸ்கூட்டர் மேல் போயிருக்கிறது. பார்சல் கிடங்கில் அவளை ஸ்கூட்டரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எந்த மாடியில் யார் வீட்டு அழைப்பு மணி வேலை செய்யாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேன்தான் தெரியாது. அடுத்த மாதத்திலிருந்து ஸ்கூட்டர் இல்லை, வேன் ஓட்டிக் காட்டுகிறவர்களுக்குத்தான் வேலை என்று கிடங்கில் சொல்லிவிட்டார்கள். கார் லைசென்ஸ் எப்போதோ எடுத்தது. எடுத்த கையோடு அலமாரியில் வைத்ததுதான்.

சொல்லித்தர இரண்டு பேர் கிடைத்ததுதான் வினை. கணவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். அக்கா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை, மூடிக்கிடந்த சந்தைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், அக்காவின் வேனில் மூவரும் ஏறினார்கள்.

"கிளட்ச்சை விட்டுக்கிட்டே ஆக்சிலரேட்டரைக் கொடும்மா" என்றார் கணவர்.

"ஆக்சிலரேட்டரைத் தொடாதடி. கிளட்ச்சை மட்டும் மெதுவா விடு, வண்டி தானா நகரும்" என்றாள் அக்கா.

இரண்டையும் பாதிப் பாதி செய்தாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது.

"அண்ணி, நீங்க குழந்தைங்களை ஏத்திட்டுப் போறவங்க. லோடு வண்டிக்கு இது சரிப்படாது."

"உங்க லோடு பேசாது தம்பி. என் லோடு வாந்தி எடுக்கும். மெதுவா ஓட்டத் தெரிஞ்சவ நான்தான்."

இருவரும் மாறி மாறிப் பேசப் பேச, எந்தக் கால் எந்த மிதியில் என்பதே அவளுக்குக் குழம்பியது. "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் இறங்குங்க" என்றாள். இருவரும் இறங்கி, வெளியே நின்று சண்டையைத் தொடர்ந்தார்கள். தனியாக இருந்த அந்த நேரத்தில்தான் வண்டி ஒழுங்காக நகர்ந்தது. எதைச் செய்ததால் நகர்ந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை கிடங்கு வேனில் தேர்வு. பக்கத்து இருக்கையில் கிடங்கு மேற்பார்வையாளர். கிடங்கு வாசலிலேயே இன்ஜின் நின்றது. காவலாளி குடையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவளுக்குக் காது வரை சூடேறியது. திருப்பத்தில் மறுபடி நின்றது. வேலை போச்சு என்றே முடிவுகட்டிவிட்டாள்.

சரிவில் இறங்கும்போது, குறுக்குச் சந்திலிருந்து தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வெளியே வந்தார். அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். பதறவில்லை. பலம் கொண்ட மட்டும் அழுத்தி மிதித்தாள். வேன் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினாள். வேன் வழுக்கிக்கொண்டு போனது. மேற்பார்வையாளர் கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தார். தள்ளுவண்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

தள்ளுவண்டிக்காரர் திட்டி ஓய்ந்த பிறகு மேற்பார்வையாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"எதை மிதிச்சீங்க?"

"பிரேக்கை, சார்."

"கீழே பாருங்க."

பார்த்தாள். இடது கால் கிளட்ச்சைத் தரையோடு தரையாக அமுக்கியிருந்தது. வலது கால் எதிலும் இல்லை.

"இடது பக்கம்தானே சார் பிரேக்" என்று சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டு விழித்தாள். ஸ்கூட்டரில் அவள் நம்பிப் பிடிப்பது இடது கைப் பிரேக்கைத்தான். அது எப்போது காலுக்கு இறங்கியது என்று புரியவில்லை.

மேற்பார்வையாளர் நெற்றியைத் தேய்த்தார். "பயந்து போய்த் தப்புப் பண்றவங்களைப் பார்த்திருக்கேன். நீங்க நிதானமா, முழு மனசோட தப்பை மிதிக்கிறீங்க. உங்களை என்ன பண்றதுன்னே தெரியலையே."

"அப்போ இன்ஜின் நின்னதுக்கு, சார்?"

"அது நின்னா திரும்பப் போட்டுக்கலாம். அதை யார் கேட்டா?"

நேற்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். இனி எதற்குப் பயப்படுவது என்பதும் தெளிவாக இல்லை. கடைசியில் அவர், "வியாழக்கிழமை இன்னொரு தடவை வாங்க. அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க" என்றார்.

வீட்டில் கேட்டதும் கணவரும் அக்காவும் முதல் முறையாக ஒரே மாதிரி தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பிறகு அக்கா சொன்னாள்: "வியாழக்கிழமை வரைக்கும் ஸ்கூட்டரைத் தொடாதே. இடது கை மறக்கட்டும்."

"வேலைக்கு எதுலக்கா போறது?"

நாளைக்கு அவள் பெயரில் நாற்பது பார்சல் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாம் ஸ்கூட்டரில்தான்.