லடாக்கில் வேகாத சோறு

மருமகள் புதிதாக பிரஷர் குக்கர் வாங்கியிருக்கிறாள். அது விசிலடிக்கும்போதெல்லாம் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் போல நான் எழுந்து நின்றுவிடுகிறேன். நேற்று அந்த அசடு வழிந்ததை மறைக்க, குக்கரோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். அதில் ஒரு வரி என்னைத் திரும்ப உட்கார வைத்துவிட்டது. அதைச் சொல்கிறேன், அதற்கு முன் சடையப்பண்ணனைச் சொல்லியாக வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் தங்காக் என்ற ஊரின் ஒரு துணிக்கடையில் எனக்குத் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. சாப்பாடு சடையப்பண்ணன் கடையில். மலாயாவுக்கு வருமுன் அவர் நிலம் அளக்கும் துரை ஒருவருக்குச் சமையற்காரராக லடாக் வரை போனவராம். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அந்த ஊரைச் சொல்வார். மலைக்கு மேலே பெரிய வெட்டவெளி, பேருக்கு ஒரு மரம் கிடையாது. வெயில் பட்ட கன்னம் தீயும், நிழலில் இருக்கும் காது விறைக்கும். சடைமாட்டுச் சாணியைக் காயவைத்து எரிப்பார்கள். தேநீரில் உப்பும் வெண்ணெயும் போடுவார்கள். கையில் ஓர் உருளையைச் சுற்றிக்கொண்டே நடப்பார்கள், அது சுற்றினால் மந்திரம் சொன்ன மாதிரியாம். துவைத்த வேட்டி மூன்று நாளானாலும் காயாத தங்காக்கில் இதையெல்லாம் நம்புவது கஷ்டம். குழம்புக்காகத் தலையாட்டி வைத்தோம்.

ஒருநாள், அங்கே தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் அரிசி வேகாது என்றார். நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன், அந்தத் திமிர் சும்மா இருக்குமா? கொதிக்கிற தண்ணீர் எங்கேயும் கொதிக்கிற தண்ணீர்தான் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தாலே, “அலமாக், ஆரம்பிச்சிட்டாரு லா” என்று, ஐயையோவை மலாயில் சொல்லி, சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பேசாமல் குழம்பை ஊற்றிவிட்டுப் போக ஆரம்பித்தார். ஒரு வாரம் பொறுத்தவர், என் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

“மலைமேல வாங்க தம்பி. அங்க சோறு வெந்துச்சுன்னா என் மீசைய எடுத்துக்கிறேன்.”

வேகாவிட்டால் நான் எடுக்கிறேன் என்றேன். அவருடையது இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. என்னுடையது, இருக்கிறது என்று நானே சொன்னால்தான் தெரியும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே மலை, ஊருக்குப் பின்னால் நிற்கும் குனோங் லேடாங். சாட்சிக்கு வந்த நான்கு பேரும் அட்டைக்கடிக்குப் பயந்து பாதியில் திரும்பிவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் பானையோடு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். எங்கும் காடு, ஈரம். அவர் முகம் விழுந்துவிட்டது. அங்கே இதைப் போல மூன்று மடங்கு உயரம் என்று முணுமுணுத்தார். உலை கொதித்து அரிசியைப் போட்டதும், கொஞ்ச நேரத்தில் பழகிய வாசனை வந்தது. சோறு வேகப்போகிறது என்று இருவருக்கும் தெரிந்துபோயிற்று.

“நான் அங்க போனதுக்கு வேற சாட்சி இல்ல தம்பி,” என்றார்.

மீசையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பொய்யாகவே இருக்கட்டும், இந்த மனுஷனுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மனசு பொறுக்கவில்லை. பானையை இறக்கிவிட்டேன்.

“இன்னும் கொஞ்சம் விட்டா வெந்துரும் தம்பி.”

“வேகாதுண்ணே. எனக்குப் பசிக்குது.”

நறுக்நறுக்கென்று தின்றேன். கொஞ்சத்தை இலையில் கட்டிக் கீழே கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினேன். மறுநாள் மீசை போயிற்று, வயிற்றுவலி வந்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் யார் தவறிவிட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டு ஒருநாள் லீவும் கொடுத்தார். அண்ணன் லடாக்கை மறுபடி ஆரம்பித்தார், யாரும் சிரிக்கவில்லை. என் இலையில் மட்டும் எப்போதும் இரண்டு துண்டு மீன் விழுந்தது.

கையேட்டில் இருந்த வரி இதுதான்: மிக உயரமான இடங்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், சாதாரணப் பாத்திரத்தில் அரிசி சரியாக வேகாது.

அண்ணன் ஜப்பான்காரன் வருமுன்பே காலமாகிவிட்டார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. ஒரு பொய்யரைக் காப்பாற்றிய புண்ணியவான் என்று இத்தனை வருஷமாக உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் போய்வந்த மனுஷன் தினமும் எதிரில் நின்றார். அந்த உப்புத் தேநீர் எப்படி இருந்தது என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.