காட்டாத கால்

பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவனுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம். நல்ல பிள்ளை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கடவுளை நினைக்காமல் வாசலைத் தாண்ட மாட்டான். ஒரே குறை, பெண்டாட்டி விஷயத்தில் பொறாமை கொஞ்சம் அதிகம். எதிர்வீட்டுக்காரர் அவளிடம் மணி கேட்டால்கூட இவன் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அவன் தன் பாதத்தை யாருக்கும் காட்ட மாட்டான். விடிந்ததும் முழங்கால் வரை ரப்பர் கம் பூட்ஸை மாட்டிக்கொண்டு பஸ் கழுவும் குழியில் இறங்கினால், சோப்புத் தண்ணீருக்குள்ளேயே நாள் போய்விடும். எவ்வளவு பார்த்து நின்றாலும் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஏழு வருடம் ஊறி ஊறி, உள்ளங்கால் வெளுத்து, குதிகால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதனால் வீட்டிலும் சாக்ஸ்தான். வேர்த்துக் கொட்டுகிற நாளிலும், "குளிருது" என்பான். அவளும், "சரிங்க, சாக்ஸ் மாப்பிள்ளை" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவளுக்கு வேலை செருப்புக் கடையில். அவனுக்கு லீவு ஞாயிறு, அவளுக்குச் செவ்வாய். இருவரும் சேர்ந்தாற்போல ஒரு பகல் வீட்டில் இருந்ததே இல்லை. கடைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று ஒரு ஞாயிறு மூடினார்களே, அன்றுதான் அந்தப் பாக்கியம் கிடைத்தது. மதியம் சாப்பிட்ட கையோடு பஸ் பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கும் மலைக்கு நடக்கப் போனார்கள்.

மலையேறுவதற்கென்று புது ஷூ வாங்கியிருந்தான். அவள் கடையில் வாங்கவில்லை. வாங்கினால் அளவு பார்க்கிறேன் என்று சாக்ஸைக் கழற்றச் சொல்வாளே! வேறொரு கடையில், போட்டுக்கூடப் பார்க்காமல், வாயால் ஒரு நம்பரைச் சொல்லி வாங்கி வந்தான். முதல் வளைவிலேயே அது குதிகாலைக் கடிக்க ஆரம்பித்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

மற்றபடி நடை இன்பமாகத்தான் இருந்தது. ஒரே பாட்டிலில் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தார்கள். அவள் தலையில் ஒட்டிய புல்லை எடுக்கிற சாக்கில் நாலு தடவை நின்றான். ஒரு பாறை மேல் ஏறி அவள் கை நீட்டினாள்.

"அதோ பாருங்க, உங்க பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கு!"

"தீப்பெட்டியைக் கழுவத்தான் எனக்கு முதுகு ஒடியுதா?"

அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்கு மலையே தன் சொத்து போலத் தோன்றியது.

அடுத்த வளைவில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு வாலிபன் கல்லில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். பார்த்ததுமே அவள் நின்றுவிட்டாள்.

"என்ன சார், குதிகாலா?"

"ஆமா மேடம். ஒரு அடி எடுத்து வைக்க முடியல."

"காலைக் கொடுங்க சார்."

சொன்னவள் தரையில் உட்கார்ந்து, அவன் காலைத் தூக்கித் தன் முட்டி மேல் வைத்துக்கொண்டாள். கட்டை விரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தாள். ஷூவை மாட்டிவிட்டுக் கயிற்றைக் கடைசி ஓட்டை வரை கோத்தாள்.

"இந்த ஓட்டையை விட்டுட்டீங்க சார். எல்லாரும் விட்டுடறாங்க. இதுல கோத்து இறுக்கினாத்தான் குதிகால் உள்ள ஆடாது. ஆடினா உரசும், உரசினா கொப்புளம்."

தொப்பிக்காரன் நாலடி நடந்து பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், நீங்க டாக்டரா?"

"இல்ல சார், செருப்புக் கடை." எந்தத் தெரு, எந்த முனை என்று அடையாளமும் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை மட்டும் எனக்கு லீவு சார்."

தொப்பிக்காரன் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனான். பஸ் கழுவுகிறவன் அந்த முதுகையே முறைத்துப் பார்த்தான். கடையில் அவள் பெட்டி எடுத்துக் கொடுக்கிறாள் என்றுதான் மனதில் ஒரு படம் வைத்திருந்தான். இப்படி, முட்டி மேல் காலை வைத்து, இத்தனை அன்பாகவா? விறுவிறுவென்று முன்னால் நடந்தான். ஷூ கடித்தது. கடிக்கட்டும் என்று இன்னும் வேகமாக நடந்தான்.

"கொஞ்சம் மெதுவாப் போங்களேன். யாராவது துரத்துறாங்களா?"

"ஏன், மேடத்துக்குக் கால் வலிக்குதா?"

"ஓ! அதான் விஷயமா?"

"ஒரு விஷயமும் இல்ல. செவ்வாய்க்கிழமை லீவுன்னு ஊருக்கே தண்டோரா போடு."

அவள் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம். அவன் சட்டென்று திரும்பினான். "முன்னப்பின்ன தெரியாதவன் காலை முட்டி மேல வச்சுக்கிற. எனக்கு ஒரு நாளாவது..."

அவள் சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு ஒரு நாளாவது? நீங்க எப்பங்க கொடுத்தீங்க? கடையில முப்பது பேரு, நாப்பது பேரு, யாருன்னே தெரியாது, என்னை நம்பிக் காலை நீட்டறாங்க. வீட்டுல ஒருத்தர் எட்டு மாசமா சாக்ஸைக் கழட்ட மாட்டேங்கறார். உங்க காலைப் பாத்தது அந்த கம் பூட்ஸ் மட்டும்தான். பல நாள் அதைத் தூக்கித் தெருவுல எறியலாமான்னு இருக்கும். பொறாமை உங்களுக்கு மட்டும்தான் வருமா?"

அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான்.

"நொண்டிக்கிட்டு வர்றீங்க. முதல் வளைவுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் வரேன். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். உக்காருங்க."

உட்கார்ந்தான். கயிற்றை அவனே அவிழ்த்தான். கடவுளே, இவள் மட்டும் முகம் சுளிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். அந்த ஒரு சுளிப்பைத் தாங்க முடியாது என்றுதானே எட்டு மாதம் வேர்வையில் வெந்தான். சாக்ஸ் ரத்தத்தில் ஒட்டியிருந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றி நனைத்து, மெல்லப் பிரித்தாள்.

வெளுத்து ஊறிய பாதம் வெயிலில் வந்தது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

அவள் முகம் சுளிக்கவில்லை. கோபம்தான் வந்தது. "வெடிப்புல ரத்தம் கட்டியிருக்கு. இதோடயா தண்ணியில நிக்கறீங்க? எரியலையா?"

"பழகிடுச்சு."

"எனக்குப் பழகல" என்றாள். பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தொப்பிக்காரன் காலை அவள் அப்படிப் பிடிக்கவில்லை. அது அவனுக்கே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, மேலேயிருந்து மஞ்சள் தொப்பி இறங்கி வந்தது.

"என்ன மேடம், சாருக்கும் கடிச்சுடுச்சா? என்கிட்ட பிளாஸ்திரி இருக்கு."

பஸ் கழுவுகிறவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அதற்குள் அவள், அவன் தோளில் கிடந்த துண்டை உருவி, பாதத்தை விரல் நுனிகூடத் தெரியாமல் போர்த்திவிட்டாள். ஒரு கையை மட்டும் நீட்டிப் பிளாஸ்திரியை வாங்கிக்கொண்டாள்.

"நன்றி சார். நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

தொப்பிக்காரன் தலை மறைகிற வரை துண்டை அவள் எடுக்கவில்லை.

அவனுக்கு வயிற்றெரிச்சல் முழுதாக அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். நாளைக்கும் அந்தக் கடைக்கு நாற்பது கால் வரத்தான் செய்யும். ஆனாலும் பிளாஸ்திரி ஒட்டி முடித்ததும், அவள் கேட்காமலே, இன்னொரு ஷூவின் கயிற்றையும் அவிழ்த்தான்.