ரஷ்யருக்கு ஏசி, எகிப்தியருக்கு ஃபேன்

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பலில் புதிதாகச் சேர வரும் மாலுமிகளை விமான நிலையத்தில் வரவேற்று, லாட்ஜில் தங்கவைத்து, காகிதங்களில் முத்திரை வாங்கி, கப்பல் ஏணி வரைக்கும் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. பதினோரு வருடமாக இதே வேலை. ஒருவருடைய பாஸ்போர்ட் அட்டையைப் பார்த்தாலே அவர் என்ன சாப்பிடுவார், எப்படித் தூங்குவார் என்று சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆனி மாதத்தில் அந்த நினைப்புக்குச் சரியான அடி விழுந்தது.

அன்றைக்கு இரண்டு பேர் வரவேண்டியிருந்தது. ஒருவர் ரஷ்யர். சைபீரியாவில் ஓர் ஆற்றங்கரை ஊர்க்காரர், கப்பலில் செகண்ட் இன்ஜினியர். இன்னொருவர் எகிப்தின் அஸ்வான்காரர், எலக்ட்ரீஷியன். நாற்பது வயதுக்கு மேல் மின்நிலைய வேலையை விட்டுவிட்டு முதல்முறையாகக் கப்பல் ஏற வருகிறார். அவர்களுடைய கப்பலோ கொழும்பில் மாட்டிக்கொண்டு ஐந்து நாள் தாமதம். வழக்கமான லாட்ஜில் கல்யாணக் கூட்டம், இரண்டே அறைகள்தான் மிச்சம். ஒன்றில் ஏசி உண்டு. மற்றதில் ஃபேன் மட்டும்.

யாருக்கு எது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பனியில் பிறந்தவருக்கு ஏசி, பாலைவனத்தில் பிறந்தவருக்கு ஃபேன். லாட்ஜ்காரரிடம் போனில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

அலுவலகக் காரை ஓட்டுகிற அண்ணாச்சி என்னைவிட ஒரு படி மேலே போயிருந்தார். பின் இருக்கையில் மீன் கொண்டுபோகிற தெர்மகோல் பெட்டி ஒன்று. திறந்து பார்த்தால் ஐஸ் கட்டிகள், நடுவே நான்கு தண்ணீர் பாட்டில்கள், ஈரத்துண்டு ஒன்று.

"எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?"

"ரஷ்யாக்காரரு வாராருல்லா? நம்ம வெயில்ல எறங்குனா கரைஞ்சிருவாரு தங்கச்சி. வழியில ஏதும் ஆயிட்டுன்னா யாரு பதில் சொல்லுதது?"

விமானம் வந்தது. முதலில் வெளியே வந்தவர் ரஷ்யர். அரைக்கைச் சட்டை, ஓலைத் தொப்பி, கையில் ஒரே ஒரு பை. வெயிலைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கி ஒரு சிரிப்பு சிரித்தார், தெரிந்தவரைப் பார்த்த மாதிரி. அண்ணாச்சி ஓடிப்போய் ஈரத்துண்டை நீட்டினார். அவர் அதை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் மரியாதைக்காகக் கைகளைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து வந்த எகிப்தியரைப் பார்த்து நான்தான் திகைத்துப்போனேன். காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். தோளில் மடித்துப் போட்ட மழைக்கோட்டு. கையில் இரண்டு பேர் நிற்கலாம் போன்ற பெரிய குடை. வெளியே மேல்காற்று புழுதியை வாரி வீசிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்று தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் கிடையாது.

"மழை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜூன் மாதம் இந்தியாவில் மழைக்காலம் என்று அவர் மனைவி எங்கோ படித்திருக்கிறார். அதனால்தான் இத்தனை ஏற்பாடு. அஸ்வானில் வருடக்கணக்கில் மழையே பெய்யாதாம். அவருடைய எட்டு வயது மகள் ஒரு நல்ல மழையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

சென்னையில் இருக்கும் என் அத்தை பையனே ஒவ்வொரு ஜூனிலும் டிவியைப் பார்த்துவிட்டு, "அங்க வெள்ளமா?" என்று போன் போடுவான். எகிப்தியரை என்ன குறை சொல்ல முடியும்? காரில் வரும்போது அண்ணாச்சி விளக்கம் கொடுத்தார், நான் மொழிபெயர்த்தேன்.

"மேகம் அந்தப் பக்கம் கேரளாவுல இருந்து மலை ஏறுதுன்னு வைங்க. ஏறும்போதே இருக்கதையெல்லாம் அங்கனயே கொட்டிருது. மலையைத் தாண்டி நம்மகிட்ட வாரது வெறும் காத்துதான். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில. அப்ப வரச் சொல்லுங்க, குடை என்ன, படகே தேவைப்படும்."

எகிப்தியர் குடையைக் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாக உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். ரஷ்யர் அதைக் காட்டி, "எங்கள் ஊர் மாதிரி இருக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சிக்குச் சொன்னேன். "பாவம், ஊரு ஞாபகம் வந்துட்டு" என்று அவர் காரின் ஏசியை இன்னும் ஒரு புள்ளி கூட்டினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு லாட்ஜ்காரர் கூப்பிட்டார். "மேடம், உங்க ஆளுங்க ரெண்டு பேரும் ரிசப்ஷன்ல உக்காந்திருக்காவ. ஒருத்தரு தும்முதாரு, ஒருத்தரு விசிறுதாரு. வந்து என்னன்னு பாருங்க."

போய்ப் பார்த்தேன். ரஷ்யர் சோபாவில், ஜன்னல் திரைச்சீலை போல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பார்த்தால் அது ஜன்னல் திரைச்சீலையேதான். மூக்கு சிவந்திருந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அறையின் ஏசி பதினெட்டில் நின்றுவிட்டதாம், ரிமோட்டில் பேட்டரி இல்லையாம், சுவிட்சு எங்கே என்று தெரியவில்லையாம். பக்கத்தில் எகிப்தியர். குளித்துவிட்டு வந்தவர் போலச் சட்டை முழுக்க ஈரம். லாட்ஜின் சாப்பாட்டு மெனு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் பாலைவனத்துக்காரர்தானே?" என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு மடத்தனம் என்று பாதி புரிந்துவிட்டது.

"எங்கள் ஊரில் நாற்பத்தைந்து டிகிரி வரும்" என்றார். "ஆனால் வியர்த்தால் காய்ந்துவிடும். நிழலில் உட்கார்ந்தால் போதும். ராத்திரி குளிர்ந்துவிடும். இங்கே துவைத்த கைக்குட்டையைக் கொடியில் போட்டேன், காலையிலும் ஈரமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் இருக்கிறேன்."

அது உண்மைதான். பகலெல்லாம் காய்ச்சி எடுக்கிற காற்று சாயங்காலம் நின்றுவிட்டால், கடலின் ஈரம் வந்து உடம்பில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர் என்றால் ஜிலுஜிலுவென்று இருக்கும் என நம்பி மே மாதம் எங்கள் வீட்டுக்கு வரும் மதுரை உறவினர்கள் மூன்றாம் நாளே பெட்டி கட்டுவது இதனால்தான்.

ரஷ்யர் பக்கம் திரும்பினேன். மன்னிப்புக் கேட்கிற தொனியில், "உங்களுக்குக் குளிர் பழக்கம் என்று நினைத்தேன்" என்றேன்.

அவர் தும்மி முடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "குளிர் வெளியே இருக்கும். வீட்டுக்குள் வெந்நீர்க் குழாய் ஓடும். ஜனவரியில் வெளியே மைனஸ் நாற்பது, நாங்கள் உள்ளே பனியனோடு உட்கார்ந்து தேநீர் குடிப்போம். ஜூலையில் முப்பத்தைந்து டிகிரிகூட வரும், எல்லோரும் ஆற்றில் கிடப்போம். வீட்டுக்குள் படுத்து நடுங்கியது என் வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. அதுவும் இந்தியாவில்."

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அறையை மாற்றித் தருகிறேன் என்று எழுந்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். விடியற்காலையிலேயே தங்களுக்குள் சாவியை மாற்றிக்கொண்டாயிற்று. பெட்டிகளை நகர்த்த அனுமதி வேண்டும் என்றுதான் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி மட்டும் நம்பவில்லை. "சைபீரியாக்காரருக்குச் சளியா? ஊருல போயி சொல்லிராதிய, நம்ம மானம்லா போவும்" என்று கீழ்க்குரலில் சொல்லிவிட்டு, வெளியே போய்ப் பெரிய டம்ளரில் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி வாங்கிவந்தார். ரஷ்யர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினார். அந்த நிமிடம் முதல் அண்ணாச்சிக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் எகிப்தியர் குடையைக் கையிலேயே வைத்திருந்தார். ரோட்டில் வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆனால் சாயங்காலமானால் மகளிடமிருந்து வீடியோ கால் வரும். அவர் போனை வானத்துக்குக் காட்டுவார். வெறும் நீலம். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தேன். அரபியில் பேசினார்கள், ஒரு வார்த்தை புரியவில்லை. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கியது மட்டும் புரிந்தது.

அண்ணாச்சியும் அதைப் பார்த்துவிட்டார். "தங்கச்சி, குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டுன்னு சொல்லுதாவ. மூணு மணி நேரம். மேனேஜர்ட்ட கேளுங்க."

கேட்டேன். எங்கள் அலுவலக மேனேஜர், "சரிம்மா, ஆனா அந்த ரஷ்யாக்காரருக்குப் பிரச்சினை இல்ல. எகிப்துக்காரரு குளிர் தாங்குவாரான்னு பாத்துக்கோ" என்றார். அவரிடம் எதையும் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

மறுநாள் காலை கிளம்பினோம். திருநெல்வேலி வரைக்கும் கண்ணாடியை இறக்க முடியாத வெயில். ஆலங்குளம் தாண்டியதும் காற்றாலைகள் பேய் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. எதிரே மலை, அதன் தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை. எகிப்தியர் முன்னால் குனிந்து கண்ணாடி வழியே அதையே பார்த்துக்கொண்டு வந்தார். தென்காசிக்குள் நுழையும்போது முன்கண்ணாடியில் பொடிப்பொடியாகத் துளிகள் விழுந்தன. அண்ணாச்சி வேண்டுமென்றே வைப்பரைப் போடாமல் ஓட்டினார்.

குற்றாலத்தில் இறங்கியபோது சாரல் சரியான மழையாகவே வலுத்துவிட்டது. எகிப்தியர் பெருமையோடு குடையை விரித்தார். மலைக்காற்று ஒரே தட்டில் அதை மேல்பக்கமாகப் புரட்டி, இரண்டு கம்பிகளை ஒடித்துவிட்டது. அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டு, ரோட்டு நடுவில் வெறுங்காலோடு நின்று மகளைக் கூப்பிட்டார். போன் திரையில் அந்தச் சின்ன முகம் வந்ததும் அதை அப்படியே மழையில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அவள் போட்ட கூச்சல், அருவிக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், "என்னய்யா, மழையையே பாத்ததில்லையா?" என்றார். "ஆமாங்கய்யா, பாத்ததில்ல" என்றேன் நான். அவர் நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ரஷ்யர் எங்கே என்று தேடினேன். சுக்குக் காபிக் கடையில், அடுப்புக்குப் பக்கத்தில், அண்ணாச்சியின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அருவியில் ஒரே ஒரு நிமிடம் நின்றிருக்கிறார்.

"தங்கச்சி, இவரைக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார் அண்ணாச்சி, மிகுந்த கவலையோடு. "இவருக்குக் குளிரு ஆவாது."

கப்பல் மறுநாள் மாலை வந்து சேர்ந்தது. துறைமுகத்துக்குள் ஏணிக்குக் கீழே நின்று காகிதங்களில் கையெழுத்து வாங்கினேன். எகிப்தியர் பூட்ஸை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டார், கார்த்திகை மாதத்தில் உபயோகப்படும் என்று. ரஷ்யரிடம், கப்பல் அடுத்து எங்கே போகிறது, அங்கே வெயிலா குளிரா என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"எங்கே போனால் என்ன மேடம்?" என்றார். "அடுத்த ஆறு மாதம் நான் இன்ஜின் ரூமில்தான் இருப்பேன். அங்கே எல்லா நாட்டிலும் நாற்பத்தைந்து டிகிரி."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். எகிப்தியர் அவருக்குப் பின்னால், கைப்பிடிக் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து ஏறிப்போனார்.