ஸ்பான்ஹைம் டீச்சர்

திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி ஹேமாம்புஜம் டீச்சர் வீடு எது என்று கேட்டால் ரிக்‌ஷாக்காரர் தலையைச் சொறிவார். ஸ்பான்ஹைம் டீச்சர் என்று கேளுங்கள். வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். அந்த ஸ்பான்ஹைம் எந்த தேசத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் மகளைக் கேட்டால் தெரியும். அவள் அந்த டீச்சரிடம் படித்தவள்.

ஜெர்மனியில் மோசல் என்று ஓர் ஆறு, நாஹே என்று இன்னோர் ஆறு. நடுவில் ஹுன்ஸ்ரூக் மலை. சரிவில் திராட்சைத் தோட்டம், மேலே காடு, குன்றுக்குக் குன்று கோட்டை. அறுநூறு எழுநூறு வருஷங்களுக்கு முன்னால் ஸ்பான்ஹைம் பிரபுக்கள் ஆண்ட சீமை அது. ஒரே துண்டாகவும் இருக்காது. இங்கே நாலு கிராமம், அங்கே நாலு கிராமம், இடையில் அடுத்தவன் நிலம். பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்டதில் முன் ஸ்பான்ஹைம், பின் ஸ்பான்ஹைம் என்று அது இரண்டாயிற்று. பாடப் புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. ‘ஐரோப்பாவில் நிலப்பிரபுத்துவம் நிலவியது’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஹேமாம்புஜம் இரண்டு ஆற்றையும் கரும்பலகையில் ஓட விட்டு, ஒரு வாரம் பாடம் நடத்துவாள்.

அவளுக்கு அந்தச் சீமை கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வீரராகவர் கோயிலில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷன் போய்விட்டான். 1963-ல் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மூலையில் உட்கார வைக்கலாம் என்று தெருவே காத்திருந்தது. அவளா உட்காருவாள்? பி.ஏ. முடித்தாள், பி.டி. முடித்தாள், பெண்கள் ஹைஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாள், பிறகு பிரைவேட்டாக எம்.ஏ.வுக்கும் பணம் கட்டினாள். லீவு நாளில் ரயிலேறி மெட்ராஸ் போய் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது, ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் அந்தச் சீமையின் படத்தைப் பார்த்தாள். ஒட்டுப்போட்ட ரவிக்கை மாதிரி கலர் கலராக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே லொரெட்டாவின் கதையும் இருந்தது.

லொரெட்டா பின் ஸ்பான்ஹைம் பிரபுவின் மனைவி. புருஷன் இறந்தபோது மூன்று சின்னப் பிள்ளைகள். பிள்ளைகளுக்காக அவளே சீமையை ஆண்டாள். பக்கத்தில் ட்ரியர் பேராயர் பெரிய ஆள், பெரிய சேனை. விதவைதானே என்று அவளுடைய நிலத்தில் கைவைத்தார். 1328-ல் ஒரு நாள் அதே பேராயர் மோசல் ஆற்றில் அவள் கோட்டைக்குக் கீழே படகில் போனார். ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டினாள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. படகை மடக்கி, பேராயரை ஆளோடு தூக்கிக் கோட்டைக்குள் வைத்துவிட்டாள். நிலத்தை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, மீட்புப் பணமும் கட்டின பிறகுதான் மனுஷர் வெளியே வந்தார். அந்தப் பணத்தில் லொரெட்டா தனக்கென்று ஒரு கோட்டை கட்டிக்கொண்டாள். படித்து முடித்ததும் ஹேமாம்புஜத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘அப்படிப் போடு!’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். நூலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இனி எழுபத்தெட்டுக்கு வருவோம். அந்த வருஷம் பிளஸ் டூ வந்தது. ஸ்கூல் மேல்நிலைப் பள்ளியாகப் போகிறது. என்னென்ன குரூப் வைப்பது என்பதை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். சயின்ஸ் சரி, காமர்ஸ் சரி. ஹிஸ்டரி குரூப் வருமா வராதா என்பதில்தான் இழுபறி. வந்தால் ஹேமாம்புஜம் எம்.ஏ. படித்ததற்கு அர்த்தம் உண்டு. வராவிட்டால் அவளுக்கு மட்டுமா நஷ்டம்? கணக்கு வராத பெண்கள் பத்தாவதோடு நின்று, காக்களூரில், ஸ்கூல் நிர்வாகத்தில் ஒருத்தரான எம்பாரின் டின் டப்பா ஃபேக்டரிக்கு லேபிள் ஒட்டப் போவார்கள். போன வருஷம் முத்தம்மா அப்படித்தான் போனாள், வகுப்பில் அத்தனை அழகாக நதிகளை வரைந்த பெண். இந்த வருஷம் ரயில்வே கேட் கீப்பர் தானியேலின் மகள் கிரேஸ். அவளை ஜூன் மாதமே அனுப்புவதாகப் பேச்சு.

அந்த நிர்வாகம் இருக்கிறதே, அது ஒரு தனி வேடிக்கை. ஸ்கூலைக் கட்டின பெரியவர், கோயிலில் இருக்கிற மாதிரியே தம் இரண்டு பிள்ளை வம்சத்துக்கும் முறை வைத்துவிட்டுப் போனார். ஒரு வருஷம் இந்த வீடு, அடுத்த வருஷம் அந்த வீடு. சித்திரை பிறந்தால் தாளாளர் நாற்காலியில் ஆள் மாறும். இப்போது முறைகாரர்கள் ஸம்பத்குமாரும் எம்பாரும், பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை. கோயிலில் யாருக்கு முதலில் தீர்த்தம் கொடுப்பது என்று ஒரு நாள் வந்த சண்டையில், பல வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பங்குனியில் ஸம்பத்குமாரின் முறை. ஹேமாம்புஜம் போய்க் கேட்டாள். “பேஷா வைக்கலாமே” என்றார். அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். சித்திரை பிறந்தது, எம்பார் உட்கார்ந்தார்.

“அது அவன் முறையிலே சொன்னது ஹேமா. என் முறையிலே செல்லாது” என்றார் எம்பார். “காக்களூர்ல ஃபேக்டரி ஃபேக்டரியா வந்துண்டிருக்கு. காமர்ஸ் படிச்சா கணக்கெழுதலாம். உன்னோட ஜெர்மன் ராணியைப் படிச்சுட்டு என்ன பண்ணுவா?”

ஸம்பத்குமாரிடம் ஓடினாள். அவர் கையை விரித்தார். “என் முறை போயிடுத்தே. நான் இப்போ வாயைத் திறந்தா அதுக்குன்னே மாட்டேம்பான். அடுத்த சித்திரைக்கு வாங்கோ டீச்சர்.”

அவளும், மறைக்காமல் சொல்கிறேன், சரி என்று வந்துவிட்டாள். முறை வரும்வரை காத்திரு என்று கேட்டே வளர்ந்தவள். அப்பா தம் முறைக்குக் காத்திருந்தார், தாத்தாவும் காத்திருந்தார். முறை தவறிக் கேட்பது என்பது அந்தத் தெருவில் யார் மண்டையிலும் உதிக்காத யோசனை.

கோடை லீவில் பொழுது போகாமல் மறுபடி கன்னிமாராவுக்குப் போனாள். ஸ்பான்ஹைம் கதையின் பின்பாதியை எடுத்து வைத்துக்கொண்டாள். 1437-ல் கடைசிப் பிரபு வாரிசில்லாமல் இறந்துபோக, பெண்வழி வந்த இரண்டு குடும்பங்கள், பாடன், வெல்டென்ஸ் என்று பெயர், சீமையைப் பிரிக்காமல் பொதுவில் வைத்துக்கொண்டன. இதை வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறாள்: “ஒரு வருஷம் இவா முறை, ஒரு வருஷம் அவா முறை.” இப்போது நிதானமாகப் படிக்கிறாள், முறையைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லை! திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்தே ஆண்டிருக்கிறார்கள். அதிகாரிகள் இரண்டு பேருக்கும் சேர்த்தே சத்தியம் செய்திருக்கிறார்கள். பெரிய காரியம் எதுவானாலும் இரண்டு வாயும் சரி சொல்ல வேண்டும். முறை என்பது இவளாகச் சேர்த்துக்கொண்டது. கோயில் வீட்டுப் பெண்ணுக்கு, இரண்டு பேர் ஒன்றை வைத்துக்கொண்டால் வேறு எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று தோன்றவே இல்லை.

நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடி அசடே! ஒருத்தரை ஒருத்தர் காட்டித் தப்பிக்கிறவர்களை ஒவ்வொருத்தராகப் போய்க் கேட்டால் என்ன கிடைக்கும்? இரண்டு பேரையும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும்.

ஆனால் எங்கே பிடிப்பது? கல்யாணத்துக்கு ஒருத்தர் வந்தால் மற்றவர் வரமாட்டார். யோசித்துக்கொண்டே ரயிலில் திரும்பும்போது ரயில்வே கேட் ஜன்னலில் தெரிந்தது. ஹேமாம்புஜம் சிரித்துவிட்டாள்.

மறுநாள் தானியேலைப் போய்ப் பார்த்தாள்.

“தெனம் மதியானம் வருவாங்க டீச்சர்” என்றான் தானியேல். “எம்பார் சாரு ஃபேக்டரிலேர்ந்து சாப்பாட்டுக்கு ஊட்டுக்குப் போவாரு. ஸம்பத்து சாரு சாப்ட்டுட்டு ரைஸ் மில்லுக்குப் போவாரு. கூட்ஸ் வண்டிக்கு கேட்டு போட்டா, இவரு இந்தாண்ட, அவரு அந்தாண்ட. ரெண்டு பேரும் பேப்பரால மூஞ்ச மூடிக்கினு குந்தியிருப்பாங்க. சிரிப்பு வரும், போங்க. ஆனா ஒண்ணு, உங்களுக்காவ கேட்ட ஒரு நிமிசம் கூட சேர்த்துப் போட மாட்டேன். வேலை போயிரும்.”

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். உன் கேட் பாட்டுக்கு மூடட்டும்.”

வைகாசி வெயில். தார் ரோடு இளகிக் கிடந்தது. கூட்ஸ் வண்டி போயும் கேட் திறக்கவில்லை, மெட்ராஸ் வண்டிக்கும் சிக்னல் கொடுத்தாயிற்று. ஊர்ப் பக்கம் முதல் வண்டி ஸம்பத்குமாரின் அம்பாசடர். கண்ணாடியை இறக்கிவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, பேப்பருக்குள் இருந்தார். குடையோடு வந்த ஹேமாம்புஜம் ஜன்னலில் கையை விட்டு, தொங்கிய சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஐயையோ! என்ன டீச்சர் இது?”

“வேணும்னா பின்னாடி வாங்கோ.”

ஆள் போகிற சின்ன வழியில் புகுந்து தண்டவாளத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டாள். ஸம்பத்குமார் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவர் மறுபக்கம் போய்ச் சேரவும் மெட்ராஸ் வண்டி தடதடவென்று போகவும் சரியாக இருந்தது. திரும்பிப் போக வழியில்லை. எதிரே எம்பாரின் ஃபியட். எம்பார் பேப்பரை இறக்கிப் பார்த்தார். பங்காளி நிற்கிறார், பக்கத்தில் குடையோடு டீச்சர்.

வண்டி போனது, தானியேல் கேட்டைத் தூக்கினான். ஊர்ப் பக்கம் சாவியில்லாத அம்பாசடர் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பின்னால் பெரியபாளையம் பஸ், லாரி, மாட்டு வண்டிகள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

“யார்ரா வண்டிய உட்டுட்டுப் போனவன்? பேஜாரா போச்சே!” என்று பஸ் கண்டக்டர் கத்தினான்.

“சாவியைக் குடு ஹேமா” என்றார் எம்பார். “ஊரே பார்க்கறது.”

“பார்க்கட்டும் மாமா. ஹிஸ்டரி குரூப் உண்டா இல்லையா? ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கோ.”

“இது என் முறை. நான் ஒருத்தன் சொன்னாப் போறும்.”

“போறாது. இந்த வருஷம் நீங்க சரின்னா, அடுத்த வருஷம் இவர் செல்லாதும்பார். ரெண்டு வாயும் சொன்னாத்தான் சாவி. அதுவரைக்கும் நான் இப்படியே நிக்கறேன். எனக்கு வகுப்புல நின்னு பழக்கம்.”

கண்டக்டர் இறங்கி வந்துகொண்டிருந்தான். லாரி டிரைவர் ஏற்கெனவே வந்தாயிற்று. எம்பார் டவலால் கழுத்தைத் துடைத்தார், வேறு பக்கம் பார்த்தார். கடைசியில், பல வருஷம் கழித்து முதல் தடவையாக, பங்காளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

“ஸம்பத்து, நீ என்னடா சொல்றே?”

ஸம்பத்குமார் ஓர் அடி கிட்டே வந்தார். “நான் பங்குனியிலேயே சரின்னுட்டேனே, அண்ணா.”

“சரி, எனக்கும் சம்மதம். ஆனா இவ பண்ணினது அக்கிரமம். ஸ்கூல் திறக்கற அன்னிக்கு பிரேயர்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும்.”

“கேட்டே ஆகணும்” என்றார் ஸம்பத்குமார். அதில் மட்டும் அண்ணன் தம்பிக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை தேவைப்படவில்லை.

“கேக்கறேன்” என்று ஹேமாம்புஜம் சாவியை நீட்டினாள். லாரி டிரைவரும் கண்டக்டரும் தானியேலும் சாட்சி. இத்தனை பேர் காதில் விழுந்ததை யார் மாற்றிப் பேச முடியும்?

ஊர் சும்மா இருக்குமா? கைம்பெண் காரை மடக்கினாள் என்று ஜூன் வரைக்கும் அதே பேச்சு. பிரேயரில் எப்படித் தலை குனியப் போகிறாள் என்று பார்க்க மதில் சுவர் மேல்கூட ஆள் ஏறியிருந்தது. மேடையில் இரண்டு நாற்காலி, பக்கத்தில் பக்கத்தில். ஹேமாம்புஜம் நல்ல வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கை கூப்பினாள்.

“தாளாளர்கள் ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும். நடுரோட்டுல கார் சாவியைப் பிடுங்கினது தப்பு” என்று கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். “ஹிஸ்டரி குரூப் எல்லாரும் என்னோட வாங்கோ.”

வகுப்பில் உட்கார்ந்ததும் கிரேஸ் எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. “எங்களுக்காவ நீங்க மன்னிப்பு கேட்டது கஷ்டமா இருக்கு டீச்சர்.”

“உக்காரு. லொரெட்டா கதையில கடைசிப் பாகம் உங்களுக்கு நான் சொன்னதில்லையே? பேராயரைப் பிடிச்சதுக்கு சர்ச் அவளுக்குப் பிராயச்சித்தம் விதிச்சது. மெழுகுவத்தி ஏந்திண்டு, எல்லாரும் பார்க்க, பீடத்துக்கு முன்னாடி போய் நிக்கணும்னு. போய் நின்னா.”

“அவமானமா இருந்திருக்காதா டீச்சர்?”

“இருந்திருக்கும். எனக்கும்தான் இருந்தது. ஆனா மெழுகுவத்தியை வெச்சுட்டு அவ திரும்பிப் போனது அந்தப் பணத்துல கட்டின கோட்டைக்கு.” ஹேமாம்புஜம் சாக்பீஸை எடுத்தாள். “நீ இப்போ எங்கே உக்காந்திருக்கே, சொல்லு?”

கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பிளஸ் ஒன் ஹிஸ்டரி குரூப்புல, டீச்சர்.”

“அப்போ நோட்டை எடு” என்று சொல்லிவிட்டு, ஹேமாம்புஜம் திரும்பிக் கரும்பலகையில் மோசல் ஆற்றை வரைய ஆரம்பித்தாள்.