பச்சை விளக்கும் கணவாய்க் கண்டெய்னரும்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையும் லாரிகளுக்கு கேட் பாஸ் தரும் இணையதளத்தைப் பராமரிப்பதுதான் அப்போது என் பிழைப்பு. அந்தத் தளம் சென்னை, மும்பை, சிங்கப்பூர் என்று மூன்று டேட்டா சென்டர்களில் ஒரே மாதிரி ஓடியது. திறப்பவரைப் பக்கத்தில் இருக்கும் சென்டருக்கு அனுப்புவது லோட் பேலன்சரின் வேலை. பத்து விநாடிக்கு ஒருமுறை அது ஒவ்வொரு சென்டரையும் நலம் விசாரிக்கும். பதில் வராவிட்டால், அங்கே போக வேண்டிய கூட்டத்தை அடுத்த சென்டருக்குத் திருப்பிவிடும்.

எங்கள் மேலாளருக்கு இதில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பதில்களைக் காட்ட, சுவரில் மாட்டிய திரையில் எரியும் மூன்று பச்சை விளக்குகள். சென்னை கொஞ்சம் திணறினாலும் சிவப்பு எரியும், அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

"கஸ்டமர் வாரப்ப செவப்பு எரிஞ்சா நல்லாவா இருக்கு? ஏதாவது பண்ணுடே" என்றார்.

நானும் பண்ணினேன். உள்ளே எது படுத்தாலும் 'நலம்' என்றே பதில் போகும்படி ஒரு வரி எழுதிவைத்தேன். பாராட்டு கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவே இருந்தது.

ஒரு நாள் பிற்பகல் சென்னையின் தரவுத்தளம் நின்றுபோனது. விளக்கு மட்டும் பச்சை. பேலன்சர் அதை நம்பி தூத்துக்குடி லாரிகளை எல்லாம் அங்கேயே தள்ளியது. மும்பையும் சிங்கப்பூரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

மூன்று மணிக்கு, கணவாய் மீன் ஏற்றுமதி செய்யும் எங்கள் தெரு அண்ணாச்சி போன் செய்தார்.

"தம்பி, கண்டெய்னர் லாரி கேட்டுக்கு வெளிய நிக்கு. பாஸ் வரமாட்டேங்கு. நாலு மணிக்குள்ள உள்ள போவலன்னா கப்பலு போயிரும். வாங்குதவன் அடுத்த ஆர்டரே தரமாட்டான்."

நான் திரையைப் பார்த்தேன். "எல்லாம் பச்சையாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒங்க நெட்டு சரியில்லாம இருக்கும். கொஞ்சம் பொறுங்க."

அந்த வரியை எழுதியவன் நான்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இதற்குள் வரிசையில் நின்ற ஒரு டிரைவர் துபாயில் இருக்கும் மச்சானுக்கு வண்டி எண்ணைச் சொல்லியிருக்கிறார். மச்சான் அங்கே தளத்தைத் திறக்க, பேலன்சர் அவரைப் பக்கத்திலிருக்கும் மும்பைக்கு அனுப்ப, பாஸ் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கியது. வளைகுடாவில் சொந்தக்காரன் இல்லாத குடும்பம் இந்தக் கரையில் ஏது? தோஹாவில் ஒரு கொழுந்தன், மஸ்கட்டில் ஒரு சித்தப்பா மகன் என்று ஆளாளுக்குத் தேடிப்பிடித்தார்கள். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கெடுத்த வேலையை டிரைவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சும்மாவே செய்து முடித்தார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்தபோது மணி நாலேகால். பதறிப்போய் அந்த வரியை அழித்தேன். சென்னை சிவந்தது, கூட்டம் மும்பைக்குத் திரும்பியது, மேலாளர் என்னை நோக்கி ஓடிவந்தார். நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கேட்டை மூடிவிட்டார்கள், அவர் லாரி வெளியேதான் நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"எம் மருமவனும் துபாய்லதான் இருக்கான் தம்பி" என்றார். "அவனுக்குப் போன் போடுங்கன்னு டிரைவர் சொல்லத்தான் செஞ்சான். நம்ம தம்பியே பொறுக்கச் சொல்லியிருக்கு, பெறவு எதுக்குன்னு நான்தான் போடல."