மாஹிமில் எண்ணெய்த் தலையோடு

மும்பை மாஹிம் கடற்கரையில் மழை கொட்டுகிறது. மூன்று வருடம் கழித்து மனைவிக்குக் கிடைத்த விடுமுறையின் கடைசி நாள். கடைவீதிக்குப் போகலாம் என்றாள். நானோ குற்றாலச் சாரலை நினைத்து, குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு, நான், மனைவி, மகள் என மூவர் தலையிலும் நல்லெண்ணெய் தேய்த்துக் கடலில் குளிக்கக் கூட்டிவந்தேன். அலை காலடியில் பிளாஸ்டிக் பைகளைக் கக்குகிறது. கடலையும் வானத்தையும் மாறிமாறித் திட்டுகிறேன். மனைவி என்னைத்தான் முறைக்கிறாள்.

பெரிய குடைக்கடியில் இட்லி விற்கும் தாராவிக்காரர் சிரிக்கிறார்.

“தென்காசியா அண்ணாச்சி?”

“எப்படிக் கண்டுபிடிச்சீய?”

“மழையில எண்ணெய் தேச்சிட்டு வேற எவன் நிப்பான்? இது பூரா கச்ரா, குப்பைத் தண்ணி. குளிச்சா சொறிதான்!”

மனைவி வாய் திறக்கிறாள். “அண்ணே, குடைக்குள்ள ரெண்டு பேருக்கு எடம் இருக்குமா?”

மகளோடு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கண்ணில் எண்ணெய் எரிகிறது.